கடைசி இடத்தில் இருக்கும் வேட்பாளருக்காக மகள் கதவு தட்டலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஓர் அப்பா கேட்கிறார்: "என் மகளுக்கு 2028ல்தான் முதல் ஓட்டு. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில், கருத்துக்கணிப்பில் கடைசியில் கிடந்தாலும் பரவாயில்லை, தன் கொள்கைக்கு நெருக்கமான முற்போக்கு வேட்பாளருக்குத்தான் வேலை செய்வேன் என்கிறாள். ஜெயிக்கவே முடியாத ஆளுக்கு உழைப்பதில் என்ன பிரயோஜனம்? படிப்பு கெடாதா? எனக்குக் கிரீன் கார்டு மட்டும்தான் இருக்கிறது. அவளோடு நானும் போனால் சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?"

போகட்டும் என்றுதான் சொல்வேன். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். 2016ல் இதே பிரைமரியில் நின்ற முற்போக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்காக நியூ ஹாம்ப்ஷயரில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அப்போது எனக்கு ஓட்டும் கிடையாது, நன்கொடை கொடுக்கும் உரிமையும் கிடையாது. எச்1பி விசாவில் பாஸ்டன் பக்கம் வேலை. அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். அந்த அனுபவத்தில் நான் கற்றது ஒன்றுதான்: எதிரே நிற்கும் பெரிய வேட்பாளரைவிட, தேதியும் விதியும்தான் பின்தங்கிய வேட்பாளரை அதிகம் தோற்கடிக்கின்றன. மகள் அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் அவள் உழைப்பு வீணாகாது.

"ஜெயிக்காத ஆளுக்குப் போட்டால் ஓட்டு செத்துப்போகும்" என்பது நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்கு. அங்கே அது சரிதான். ஒரு தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவர் எம்.எல்.ஏ., மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆறில் ஒரு பங்குகூட வாங்காதவருக்கு டெபாசிட்டும் போச்சு. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கணக்கு வேறு. அங்கே மாநிலத்தை யார் ஜெயித்தார் என்பதைவிட, கட்சி மாநாட்டுக்கு எத்தனை டெலிகேட்டுகளை, அதாவது அங்கே ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளை, யார் கொண்டுபோகிறார் என்பதுதான் முக்கியம். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற விகிதத்தில் டெலிகேட்டுகள் பிரிக்கப்படுகிறார்கள். மாநிலம் முழுமைக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்கும் ஒரு பங்கு. இதில் ஒரு வாசற்படி இருக்கிறது: 15 சதவீதம். 14 வாங்கினால் பூஜ்யம். 15ஐத் தொட்டுவிட்டால் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். மாநிலத்தில் தொடாவிட்டாலும் ஒரு தொகுதியில் தொட்டால் அந்தத் தொகுதிக்கான பங்கு உண்டு. ஆகவே பின்தங்கிய வேட்பாளரின் ஆதரவாளருக்கு முதல் இலக்கு முதலிடம் இல்லை, அந்த 15தான்.

இன்னும் நுணுக்கமாகப் போனால் சுவாரசியமாக இருக்கும். ஒரு தொகுதிக்கு நான்கு டெலிகேட் என்று வையுங்கள். இரண்டே வேட்பாளர் என்றால், 61க்கு 39 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்று கிடைக்க 62.5 சதவீதம் வேண்டும். அதே மூன்று டெலிகேட் தொகுதி என்றால், பாதிக்கு மேல் நூல் அளவு தாண்டினால் போதும், இரண்டு உங்களுக்கு, ஒன்று அவருக்கு. அதனால் ஒரு சனிக்கிழமையில் எந்தத் தொகுதிக்கு நடக்கப்போவது என்று முடிவெடுக்கும்போது, ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள தொகுதிக்கு ஆள் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். 2008ல் ஒபாமாவின் ஆட்கள் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஒரே நாளில் ஐடஹோ என்கிற சின்ன மாநிலத்தில் 15க்கு 3 என்று ஜெயித்து 12 டெலிகேட் முன்னிலை எடுத்தார்கள். ஹிலாரி கிளின்டன் நியூ ஜெர்சியை, உங்கள் மாநிலத்தைத்தான், ஜெயித்து எடுத்த முன்னிலை 11.

இந்த விகிதாசார முறை வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஜெயிக்காத ஒரு வேட்பாளர் வாங்கிக்கொடுத்தது. 1984ல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நின்றபோது சுமார் 18 சதவீத ஓட்டு வாங்கினார், ஆனால் அப்போதைய விதிகளில் வாசற்படி உயரமாக இருந்ததால் அந்த அளவுக்கு டெலிகேட் கிடைக்கவில்லை. 1988ல் மறுபடி நின்றார். மிச்சிகன் காக்கஸை (பிரைமரிக்குப் பதிலாகக் கட்சியே நடத்தும் தேர்வு) ஜெயித்தார், மொத்தத்தில் 65 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. வேட்பாளராகவில்லை. ஆனால் அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு கட்சியோடு உட்கார்ந்து பேசி, எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம் வேண்டும் என்று வாங்கினார். இருபது வருடம் கழித்து ஒபாமாவுக்குக் கைகொடுத்தது அந்த விதிதான். 1988ல் ஜாக்சனுக்காக லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று போட்ட ஓட்டு 2008ல் முளைத்தது. அந்த வருடம் வெர்மான்ட்டில் ஜாக்சனை ஆதரித்தவர்களில் ஒருவர் பர்லிங்டன் நகர மேயர். பெயர் பெர்னி சாண்டர்ஸ். 1981ல் பத்தே பத்து ஓட்டில் மேயரானவர்.

சரி, கதவு தட்டுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். மகள் அதைத்தானே செய்யப்போகிறாள். அதற்கு முன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

சாண்டர்ஸ் 2015 ஏப்ரல் 30ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே புல்தரையில் நின்று, தான் போட்டியிடுவதாக அறிவித்தார். கருத்துக்கணிப்பில் அவர் ஒற்றை இலக்கம். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 35,000 பேரிடமிருந்து 15 லட்சம் டாலர் வந்தது. அப்புறம் அந்த 27 டாலர் கணக்கு எல்லோர் வாயிலும் புகுந்தது, சராசரி நன்கொடை அவ்வளவுதான். அதன் பலம் எங்கே என்றால், அப்போதைய சட்டப்படி ஒருவர் பிரைமரிக்கு 2,700 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. பெரிய விருந்து வைத்து 2,700 வாங்கிவிட்டால் அந்த ஆளிடம் மறுபடி கேட்க முடியாது. 27 டாலர் கொடுத்தவரிடம் இன்னும் 99 தடவை கேட்கலாம். பிரைமரியில் பின்தங்கிய வேட்பாளர்கள் பெரும்பாலும் ஓட்டு இல்லாமல் விலகுவதில்லை. அடுத்த வார விளம்பரத்துக்கும் அலுவலக வாடகைக்கும் காசு இல்லாமல் விலகுகிறார்கள். மாதாமாதம் பத்து டாலர் கொடுக்கிற ஓர் ஆசிரியை வேட்பாளரை இன்னும் மூன்று மாநிலத்துக்குத் தாக்குப்பிடிக்க வைக்கிறார்.

நன்கொடை கொடுக்கும் அந்த வழி எனக்கு இல்லை. ஆகவே 2016 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவரின் காரில் நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா நகருக்குப் போனேன். கையில் ஒரு அட்டையும் அச்சடித்த பட்டியலும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், வயது, எந்தக் கட்சியில் பதிவு, முன்பு எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்ற விவரம். யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது, போட்டாரா என்பது மட்டும் அரசுப் பதிவில் இருக்கும். பேசி முடித்ததும் 1 முதல் 5 வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் உறுதியாக அடுத்தவர். அந்தக் குளிரில் பேனா எழுதாது, மை உறைந்துவிடும். அனுபவப்பட்ட ஓர் அம்மா ஆளுக்கு இரண்டு பென்சில் கொடுத்து அனுப்பினார்.

பாதிக்கு மேல் கதவுகள் திறக்காது. திறந்ததில் பாதி, "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று மூடும். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ வீட்டில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர், எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "உனக்கு இங்கே ஓட்டு இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "பிறகு ஏன் இந்தக் குளிரில்?" என்றார். என்ன தோன்றியதோ, ஒப்பிப்பதை விட்டுவிட்டு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மதுரை அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவைசிகிச்சை நடந்ததையும், வெளியே வரும்போது யாரும் எங்களிடம் பில் நீட்டவில்லை என்பதையும் சொன்னேன். இத்தனை பணக்கார நாட்டில் அது ஏன் முடியாது என்று எனக்குப் புரியவில்லை, இந்த வேட்பாளர் ஒருவர்தான் அதைக் கேட்கிறார் என்றேன்.

அவர் கதவை மூடவில்லை. உள்ளே ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடியின் உட்புறம் ஒரு பிளேடு, கீழே மாத்திரை உட்காரும் பள்ளம். மாத்திரையைப் பாதியாக வெட்டுகிற டப்பா. மருத்துவர் சொன்ன அளவில் பாதியைத்தான் சாப்பிடுகிறேன், மாதக் கடைசிவரை வரவேண்டுமே என்றார். பள்ளத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதன் பிறகு கட்சி, கொள்கை எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். 3 என்று வட்டமிட்டேன். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் 9ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60 சதவீதம், எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன் 38. அந்தப் பாட்டி அறுபதில் இருந்தாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கதவு தட்டுவதில் ஒரு மரியாதை உண்டு. அது தெரியாமல் போனால் உழைப்பு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். 1968ல் வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தி, பதவியில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சனையே எதிர்த்து நின்றார். நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்த கல்லூரி மாணவர்கள் தாடியை மழித்து, முடியை வெட்டிக்கொண்டு கிராமத்துக் கதவுகளைத் தட்டினார்கள். மழிக்க மனமில்லாதவர்கள் பின்கட்டில் உட்கார்ந்து உறை ஒட்டினார்கள். ஜான்சன் 49 சொச்சம், மெக்கார்த்தி 42. தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வி வெளியான மூன்றே வாரத்தில், மார்ச் 31 இரவு, ஜான்சன் மறுபடி நிற்கப்போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். 2004ல் அதே கட்சியின் பிரைமரியில் நின்ற ஹோவர்ட் டீனுக்கு நடந்தது நேர்மாறு. அயோவாவுக்கு வெளிமாநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். எந்தத் தெருவில் பார்த்தாலும் தொப்பி. உள்ளூர்க்காரர்களுக்கு அது வெளியூர்ப் படையெடுப்பாகத்தான் தெரிந்தது. முன்னணியில் இருந்த டீன் 18 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார். இதற்கு வேறு காரணங்களும் உண்டு, தொப்பி மட்டும் தோற்கடித்துவிடவில்லை. ஆனாலும் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: பக்கத்து மாநிலத்துக்குப் போனால் உள்ளூர் ஆள் ஒருவரோடு சேர்ந்து நடக்க வேண்டும். பேச வேண்டியதில் பாதிக்கு மேல் கேட்க வேண்டும்.

இப்போது தேதி. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

2016ல் நியூயார்க்கில் பிரைமரி ஏப்ரல் 19. அது மூடிய பிரைமரி, ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே போட முடியும். கட்சி சாராதவராக ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் கட்சி மாறுவதற்குக் கடைசித் தேதி என்ன தெரியுமா? 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கும் முன்பு. அந்த அக்டோபரில் சாண்டர்ஸும் கிளின்டனும் ஒரே மேடையில் முதல் விவாதத்துக்குக்கூட ஏறியிருக்கவில்லை. மார்ச்சில் கூட்டத்துக்கு வந்து, பேச்சைக் கேட்டு, நெஞ்சு நிறைந்து போன எத்தனையோ இளைஞர்களுக்கு ஏப்ரலில் ஓட்டு இல்லை. நியூயார்க்கில் இருந்த என் சிநேகிதர் ஒருவர், குடியுரிமை பெற்று முதல் பிரைமரி, உற்சாகமாக வாக்குச்சாவடிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். அன்றைக்கு அவர் குரல் போனில் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. அந்த விதிக்கு எதிராக அப்புறம் பலத்த குரல் எழுந்து, 2019ல் கடைசித் தேதி பிப்ரவரிக்கு மாற்றப்பட்டது. தோற்றவர்கள் போட்ட சத்தத்தால் வந்த மாற்றம் அது.

ஆகவே மகளின் மிகப்பெரிய பங்களிப்பு மேடையருகே பதாகை பிடிப்பதாக இருக்காது. தேர்தலுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே, யாரும் தேர்தலை நினைக்காதபோது, கல்லூரி உணவகத்தில் ஒரு மேஜையைப் போட்டு, "உன் பதிவு எந்த மாநிலத்தில், எந்தக் கட்சியில்?" என்று நூறு பேரைக் கேட்பது. சலிப்பான வேலைதான். அந்த நூறில் இருபது பேருக்குத் தங்கள் பதிவு என்ன நிலையில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர் அன்றைக்கே வந்து விரும்பிய கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கிப் போடலாம், போட்டுவிட்டு வெளியே வரும்போதே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மறுபடி கட்சி சாராதவராகிவிடலாம். உங்கள் நியூ ஜெர்சியில், எந்தக் கட்சியிலும் சேராதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஆனால் வேறு கட்சியில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் 55 நாள் முன்பே மாற்றியிருக்க வேண்டும். மகளுக்கு 18 நிறையச் சில மாதம் குறைந்தாலும் கவலை வேண்டாம். நவம்பர் பொதுத் தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் என்றால் 17 வயதிலேயே பிரைமரியில் போட அனுமதிக்கும் மாநிலங்கள் பல. 2016ல் ஓஹையோவில் அதைத் தடுக்கப் பார்த்தார்கள், சாண்டர்ஸ் தரப்பும் 17 வயதுப் பிள்ளைகள் சிலரும் தனித்தனியே வழக்குக்குப் போனார்கள், பிள்ளைகள் போட்ட வழக்கில் நீதிமன்றம் அவர்களுக்கு ஓட்டுண்டு என்றது. நியூ ஜெர்சியிலும் 2026 முதல் அந்த வசதி உண்டு.

நியூ ஜெர்சியின் பெரிய பிரச்சினை தேதி. 2016ல் அங்கே பிரைமரி ஜூன் 7. அதற்கு முந்தின நாள் மாலையே, கிளின்டனுக்குத் தேவையான டெலிகேட் எண்ணிக்கை வந்துவிட்டது என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. இன்னொரு பிரச்சினை வாக்குச்சீட்டின் வடிவம். மாவட்டக் கட்சித் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மற்றவர்களை ஓரத்தில் தள்ளும் முறை அங்கே பல காலம் இருந்தது. ஓரத்தில் இருப்பவரைக் கண்ணே தேடாது. ஆண்டி கிம் செனட்டுக்கு நின்றபோது வழக்குப் போட்டார், 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முறையைத் தடுத்து நிறுத்தியது. இனி ஒரு பின்தங்கிய வேட்பாளருக்கு உங்கள் மாநிலத்தில் முன்பைவிட நியாயமான வாக்குச்சீட்டு கிடைக்கும். ஆனாலும் தேதி பிந்தி இருந்தால், மகளின் உழைப்பை முதலில் ஓட்டுப் போடும் மாநிலங்களுக்குப் போனிலும் வார இறுதிப் பயணத்திலும் கொடுப்பதுதான் பலன் தரும். எந்த மாநிலம் முதலில் என்பதைக் கட்சி ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. 2024ல் அயோவாவைப் பின்னுக்குத் தள்ளித் தென் கரோலினாவை முன்னால் வைத்தார்கள்.

தென் கரோலினா என்றதும் எங்கள் தரப்பின் குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்கவில்லை. 2016ல் அங்கே சாண்டர்ஸ் வாங்கியது 26 சதவீதம், கிளின்டன் 73. கறுப்பின வாக்காளர்களில் 86 சதவீதம் கிளின்டனுக்கு என்று வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. அயோவாவில் சுமார் கால் சதவீத வித்தியாசத்தில் நின்றோம், நியூ ஹாம்ப்ஷயரை வாரிக்கொண்டோம், அங்கே போய்ச் சுவரில் மோதினோம். அந்தச் சமயம் எங்கள் ஆட்களில் சிலர், "அவர்களுக்கு அவர்கள் நலனே புரியவில்லை" என்று பேசினார்கள். அது தவறு, திமிரும்கூட. தேவாலயத்திலும் பள்ளியிலும் முப்பது நாற்பது வருடமாகக் கூட நின்றவரை, ஆறு மாதத்துக்கு முன்பு வந்தவருக்காக யார் கைவிடுவார்கள்? தவிர, நவம்பரில் தோற்றால் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்கள். ஆகவே யார் கரையேறுவார் என்று எல்லோரையும்விடக் கவனமாகப் பார்க்கிறார்கள். அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

என் வருத்தமெல்லாம் 2020தான். நான்கு வருடம் இருந்தது. அயோவாவில் அதிக ஓட்டு, நியூ ஹாம்ப்ஷயர் வெற்றி, நெவாடாவில் லத்தீன் தொழிலாளர்கள் தூக்கிக்கொடுத்த பெரிய வெற்றி. ஆனால் தென் கரோலினாவில் சுமார் 20 சதவீதம், போன தடவையைவிடக் கம்மி. அங்கே நீண்ட காலமாக மதிக்கப்படும் காங்கிரஸ் சபை உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஜோ பைடனை ஆதரித்தார், பைடன் பாதி ஓட்டை வாரினார், அடுத்த இரண்டு நாளில் மற்ற வேட்பாளர்களான பூட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகிப் பைடன் பக்கம் வந்தார்கள், அதற்கு மறுநாள் பதினான்கு மாநிலத் தேர்தல். மூன்று நாளில் களமே மாறிப்போனது. முற்போக்கு ஓட்டு மட்டும் சாண்டர்ஸுக்கும் இன்னொரு முற்போக்கு வேட்பாளரான எலிசபெத் வாரனுக்கும் இடையே பிரிந்தே நின்றது. எதிர்ப்பக்கம் சதி செய்தது என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், நாம் சேரவில்லை. நான்கு வருடத்தில் அந்தத் தேவாலயப் படிகளில் நாம் போதுமான அளவு ஏறவில்லை. உங்கள் மகளுக்கு நேரமும் மனமும் இருந்தால், தன்னைப்போல் யோசிக்காதவர்கள் இருக்கும் தெருவுக்குத்தான் முதலில் போகச் சொல்வேன்.

ஜெயிக்க முடியாதவருக்கு உழைப்பதில் என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்கள். 2016ல் சாண்டர்ஸ் மொத்தம் வாங்கியது 1 கோடியே 30 லட்சம் ஓட்டு, சுமார் 43 சதவீதம். கட்சியின் கொள்கை அறிக்கையை எழுதும் 15 பேர் குழுவில் ஐந்து பேரை நியமிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அந்த அறிக்கைக்குள் வந்தது. கட்சித் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்த சூப்பர் டெலிகேட் முறை 2018ல் திருத்தப்பட்டு, போட்டி முடிவாகாமல் மாநாடு கூடினால் முதல் சுற்றில் அவர்கள் ஓட்டுப் போட முடியாது என்றானது. எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்று 2013ல் செனட்டில் சாண்டர்ஸ் மசோதா கொண்டுவந்தபோது கூடக் கையெழுத்திட ஒரு செனட்டர்கூட வரவில்லை. 2017ல் 16 பேர். அதன் பிறகு பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதாவைச் சுமந்தவர் பிரமிளா ஜெயபால், நம் சென்னையில் பிறந்தவர். 2016ல் அவர் முதன்முதலாகக் காங்கிரஸுக்கு நின்றபோது சாண்டர்ஸ் தன் சிறு நன்கொடையாளர்களிடம் அவருக்காகவும் கை நீட்டினார். அந்த வருடம் நியூயார்க்கில் சாண்டர்ஸுக்குத் தன்னார்வலராக வேலை செய்த ஒரு மதுக்கூடப் பணிப்பெண், 2018ல் கட்சியின் பெரிய தலை ஒருவரைப் பிரைமரியில் தோற்கடித்தார். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ். தோற்ற பிரச்சாரத்தில்தான் அவர் கதவு தட்டவும் பட்டியல் போடவும் பழகினார்.

ஆனாலும் அந்தப் பாட்டியின் மாத்திரை டப்பா ஜன்னல் விளிம்பிலேயேதான் இருந்திருக்கும். அந்த மசோதா இன்னும் சட்டமாகவில்லை. மகளுக்கு இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மாலை போன் பேசுவது, அவ்வளவு போதும். எல்லை போடாமல் இறங்கிப் பருவத்தேர்வைக் கோட்டைவிட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே எத்தனை மணி நேரம் என்று அவளே முடிவு செய்து பொறுப்பாளரிடம் சொல்லிவிடட்டும்.

கடைசியாக உங்கள் விஷயம். கிரீன் கார்டு இருந்தால் நீங்கள் நன்கொடை கொடுக்கலாம், கதவு தட்டலாம், போன் பேசலாம், வீட்டில் கூட்டம் நடத்தலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் உடலுழைப்புத் தரலாம், ஆனால் பிரச்சாரப் பணத்தை எங்கே செலவழிப்பது போன்ற முடிவுகளில் தலையிடக் கூடாது. இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016ல் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி தன் இளைஞர்களைச் சாண்டர்ஸ் பிரச்சாரத்துக்கு அனுப்பி, அவர்களின் விமானச் செலவையும் படியையும் தானே கொடுத்தது. அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிட்டது. தேர்தல் ஆணையம் சாண்டர்ஸ் பிரச்சாரத்துக்கு 14,500 டாலர் அபராதம் போட்டது. ஆகவே விசாவில் இருக்கும் நண்பர் உங்களிடம் பணத்தைக் கொடுத்து "உன் பெயரில் போட்டுவிடு" என்றால் மறுத்துவிடுங்கள். அதுவும் குற்றம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வாக்காளர் பதிவுப் படிவம். கூட்டத்திலோ, ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் இடத்திலோ யாராவது அதை நீட்டி, எல்லோரும் போடுகிறார்களே, நீங்களும் போடுங்கள் என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். கிரீன் கார்டில் இருக்கும் நீங்கள் அதில் கையெழுத்திட்டுவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும், நாடுகடத்தும் அளவுக்குக்கூடப் போகலாம். மகள் போடட்டும். நீங்கள் காரை ஓட்டுங்கள், ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோங்கள், அவளுக்கு இரண்டு பென்சில் கொடுங்கள், பக்கத்துத் தெருவின் பட்டியலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.